ரப்பர் பையும் ஏழு பேரும்

எங்கள் கபடிக் குழுவின் ஆண்டு மலருக்கு, விளையாடுகிறவர்களுக்கு யோகாசனத்தால் என்ன நன்மை என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். என்னை ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் எங்கள் தெருப் பக்கம் யாரைக் கேட்டாலும், தனசேகரைப் பிழைக்க வைத்தது யோகாதான் என்பார்கள். போன பொங்கல் விளையாட்டு விழாவில் என்னை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மைக்கிலேயே அப்படிச் சொன்னார்கள். நான் மறுக்காமல் கும்பிட்டேன்.

நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களைச் சொல்லாமல் சொல்ல முடியாது. மலரில் போட இது ஒத்துவருமா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மொத்தக் கடையில், எடை போடும் வேலை. சாயங்காலம் கபடி. குழுவுக்கு நான் கேப்டன், பாடிப் போகிற ஆளும் நான்தான். ஒரே மூச்சில் கபடி கபடி என்று பாடிக்கொண்டே எதிராளிக் கட்டத்துக்குள் புகுந்து, ஆளைத் தொட்டு, அந்த மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கால் வேகம் பாதி, மூச்சு பாதி.

யோகாவை எங்கள் குழுவுக்குக் கொண்டுவந்தது பீட்டர். தபால்காரர் வேலை, என் வயதுதான். இடது ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவன். முழங்கால் பிசகி ஆறு மாதம் ஆடாமல் இருந்தபோது புதுச்சேரியில் ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்தான். முதல் நாள் மண்டியிலிருந்து காலிச் சாக்குகளை என்னிடமே கேட்டு வாங்கி மைதானத்தில் விரித்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாதாகோயிலுக்குப் போகிறவன் சாமியாராகப் போகிறானா என்று நான்தான் முதலில் கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கால்மணி நேரம் மட்டும் செய்யுங்கள், ஒரு சீசன் பார்த்துவிட்டுச் சிரியுங்கள் என்றான்.

சீசன் முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குத் தொடையின் பின்பக்கச் சதை அடிக்கடி பிடித்துக்கொள்ளும். காலை நீட்டி உட்கார்ந்து நெற்றியை முழங்காலுக்குக் கொண்டுவரப் பழகியபின் அது வெகுவாகக் குறைந்தது. பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்கும் ஆசனத்தால் என் இடுப்பு வலி போயிற்று. ஐந்து பேர் மேலே விழுந்து அமுக்கும்போது பதறாமல், மிச்சம் இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு கையை மட்டும் கோட்டுக்கு நீட்டத் தெரிந்தது. மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட இரண்டு பங்கு நேரம் எடுத்து வெளியே விடும் பயிற்சியைத் தினமும் செய்தேன். வீட்டில் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவேன். என் மனைவி சரோஜா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். எழுபதைத் தொட்டால் தலையை ஆட்டுவாள். அறுபத்தைந்தில் நின்றால், இன்றைக்கு வெளியில் என்ன தின்றீர்கள் என்பாள்.

அந்த வருஷம் மாசி மாதம் மேல்மலையனூருக்கு மயானக் கொள்ளைத் திருவிழா பார்க்கப் போய்வந்தோம். வழியில் எங்கேயோ குடித்த தண்ணீர், நான்கு நாள் வயிற்றுப்போக்கு. அது தானாகச் சரியாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனத்தில் நான் சாய்ந்துவிட்டேன். காலை மாற்றி நின்றேன், அப்போதும் சாய்ந்தேன்.

பீட்டர் என் பக்கத்தில் வந்து, கண்ணைத் திறந்துகொண்டே மறுபடி நிற்கச் சொன்னான். முடியவில்லை.

"ஒரு கால் ஆடினா தூக்கம் பத்தலைன்னு வுட்டுடலாம். ரெண்டு காலும் ஆடுதுடா சேகரு. ஜல்தியா டாக்டரைப் பாரு" என்றான்.

யோகா எனக்குச் செய்த முதல் உபகாரம் அது. தினமும் ஒரே மாதிரி நின்று பழகியதால்தான் உடம்பில் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. ஆனால் நான் போகவில்லை. மண்டியில் புது மல்லாட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் சாயங்காலம் பஸ் படியில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்து கண்டக்டர் திட்டினார். அதற்கடுத்த நாள் காலை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை.

திண்டிவனத்து டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, உட்காராமலே நின்றபடி விழுப்புரத்துக்குக் கடிதம் எழுதினார். பீட்டர் வாடகைக் கார் பிடித்துவந்தான். விழுப்புரம் ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காகக் கார் நின்றது. சரோஜா என் கைகளைத் தன் மடியில் வைத்திருந்தாள். அவள் அழுத்துவது எனக்குத் தெரிந்தது, திருப்பி அழுத்த முடியவில்லை. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. நல்ல மனிதர்கள் அங்கே இருந்தார்கள், போதாத சாமான்களோடு வேலை செய்தார்கள். முதல் நாளே முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது, அதில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் நோய் தெரியும் என்றார்கள். பக்கவாட்டில் படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்க்க வேண்டும். மூன்று வாரம் முன்னால் நெற்றியை முழங்காலில் வைத்தவன் நான். இப்போது இரண்டு பேர் சேர்ந்து என் காலை மடக்கினார்கள்.

பெரிய டாக்டர் சாயங்காலம் வந்து சொன்னார். பிரெஞ்சு டாக்டர்கள் இரண்டு பேர் பெயரை வைத்துச் சொல்கிற நோய். கரண்டு கம்பிக்கு மேலே உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டு. வயிற்றுப்போக்குக் கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, ஆள் தெரியாமல் தன் நரம்பின் உறையையே அடித்துவிடுகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். ஒரு இடத்தில் நிற்கும். பிறகு மெல்ல இறங்கும், உறை மறுபடி வளரும்.

"எங்கே நிற்கும்னு எனக்குத் தெரியாதுப்பா. நெஞ்சுக்குக் கீழே நின்னா கவலை இல்லை" என்றார்.

நெஞ்சுக்கு ஏறியதா என்று பார்க்க அவர்களிடம் இருந்த சோதனையைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் தைரியம்கூட வந்தது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, அவ்வளவுதான் சோதனை. சாதாரண ஆளுக்கு முப்பது நாற்பது வந்தால் போதும், பதினைந்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அன்று சாயங்காலம் நான் நாற்பத்து நான்கு எண்ணினேன். மூச்சு நன்றாக இருக்கிறது என்று சின்ன டாக்டர் எழுதிக்கொண்டு போனார். அவர் படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து மறுபடி எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று. இதுவும் நார்மல்தான் என்று பேனாவைத் திறந்தார். சரோஜா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். வெளி ஆட்கள் முன்னால் அதிகம் பேசாதவள்.

"டாக்டர் சார், நல்லா இருக்குதுன்னு எழுதாதீங்க. இவரு வூட்டுல எழுபது எண்ணுவாரு. நான்தான் கேட்டுக்கினு இருப்பேன். நேத்து சாயங்காலம் நாப்பத்தி நாலு, இப்ப முப்பத்தி ஒண்ணு. மத்தியானத்துக்குள்ள இன்னும் எவ்ளோ எறங்கும்?"

மற்றவர்களுக்கு முப்பதே நல்ல கணக்கு அம்மா என்றார் அவர்.

"இவரு பாடிப் போற ஆளுங்க. மத்தவங்களோட இவரைச் சேத்துப் பாக்காதீங்க."

சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டுப் போய்ப் பெரிய டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் எண்ணச் சொன்னபோது இருபத்தாறு. பத்தரைக்குப் பத்தொன்பது. பயிற்சியால் சேர்த்துவைத்த மூச்சு, நோய் ஏறுவதை எங்களிடமிருந்து மறைத்துவிட்டது என்று அவர் சொன்னார். இந்த அம்மா சொல்லாவிட்டால் சாயங்காலம் நான் வரும்போதுதான் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். யோகாவின் நன்மை கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூச்சு எனக்குக் கூடுதலாக ஒரு நாள் கொடுத்தது உண்மை. ஆபத்தை மறைத்ததும் அதே மூச்சுதான். நடுவில் புகுந்து காப்பாற்றியது சரோஜாவின் காது.

அந்த ஆஸ்பத்திரியில் மூச்சு விடவைக்கும் மெஷின் இல்லை. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அனுப்பலாம், ஆனால் வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம் என்றார்கள். மதியம் பதிமூன்று எண்ணினேன். பதினான்கு என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையில் குரல்வளைக்குக் கீழே சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அதைக் கையால் அழுத்தினால் காற்று என் நெஞ்சுக்குள் போகும், விட்டால் வெளியே வரும். ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை. இடைவிடாமல் யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அழுத்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, சொந்தக்காரர்கள்தான் செய்ய வேண்டும் என்றார் சிஸ்டர். எத்தனை நாள் என்று பீட்டர் கேட்டான். தெரியாது என்றார்.

முதலில் சரோஜா அழுத்தினாள், பிறகு பீட்டர். அவன் தபால் ஆபீஸுக்குப் போன் போட்டு, அங்கிருந்து ஆள் போய்ச் சொல்லி, அன்று சாயங்கால பஸ்ஸில் குழுவில் மிச்சம் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். லாரி பட்டறையில் வேலை செய்கிறவன், சைக்கிள் கடைக்காரன், அரிசி மில் கூலி, பிரம்மதேசத்தில் கழனி வைத்திருக்கிற இரண்டு பேர், டீக்கடை ஆள். ஒரு நாள் போகாவிட்டால் கூலி இல்லாதவர்கள். பீட்டரோடு ஏழு பேரும் எட்டு நாள் என் கட்டிலை விட்டுப் போகவில்லை.

சிஸ்டர் முதலில் பயந்தார். வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிஷம் ஒழுங்காக அழுத்துவார்கள், பிறகு பயத்தில் வேகமாக அழுத்துவார்கள், அரைமணியில் கை ஓய்ந்து மெதுவாகும் என்றார். பீட்டர் தன் ஆட்களுக்கு ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தான்.

"நீ மூச்சு இழுக்கிறப்போ அழுத்து. நீ வுடறப்போ வுடு. மைதானத்துல உக்காந்து பண்ணுவோமே, அதேதான். உன் மூச்சு நிதானமா இருந்தா அவன் மூச்சும் நிதானமா இருக்கும்."

அப்படியே செய்தார்கள். முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார அவர்களுக்குப் பழக்கம் இருந்ததால், ஸ்டூலில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் தாங்கினார்கள். சிஸ்டர் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பதினைந்துதான் என்று ஆச்சரியமாகச் சொன்னார். கபடி ஆடப் பழகிய மூச்சு இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

என் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கண்ணைத் தவிர எதுவும் அசையாது. காது நன்றாகக் கேட்கும். வலி உண்டு, கெண்டைக்காலைப் பிழிகிற மாதிரி வலி, சொல்ல வழி இல்லை. அதைவிட மோசம், இன்னொருவர் கொடுக்கும்போதுதான் காற்று வரும் என்பது. முதல் நாள் நான் அதோடு சண்டை போட்டேன். பை அழுத்துவதற்கு முன்னாலேயே இழுக்கப் பார்ப்பேன், நெஞ்சு எழாது, கண்ணீர் வழியும். பீட்டர் காதருகே குனிந்து, சவாசனம் போடு, வருகிற காற்றை வரவிடு, நீயாகத் தேடாதே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் சண்டையை விட்டேன். பயம் போகவில்லை. பயத்தோடு அசையாமல் கிடக்கத் தெரிந்தது, அவ்வளவுதான். என்னோடு பேசக் கண்ணை வைத்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் வேண்டாம். சரோஜா ஈரத்துணியால் என் உதட்டைத் துடைத்துவிட்டு, போதுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

ஆறாம் நாள் நெஞ்சில் ஒரு சின்ன அசைவு வந்தது. நோய் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கியிருந்தது. பையைக் கழற்றி ஐந்து நிமிஷம் விட்டுப் பார்த்தார்கள், பிறகு பத்து நிமிஷம். அவசரமாக இழுத்தால் சீக்கிரம் களைத்துவிடும். நான் பழகியபடி மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். இவ்வளவு நிதானமாக யாரும் செய்து பார்த்ததில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். இது யோகாவின் நன்மை, சந்தேகம் இல்லை.

ஏழாம் நாள் காலை பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைத் தூக்கிவந்தார்கள். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவர், பெயர் கோவிந்தன், முப்பது வயதுக்குள். கரும்பு வெட்டும்போது நல்ல பாம்பு கடித்திருக்கிறது. விஷமுறிவு மருந்து போட்டார்கள். நல்ல பாம்பின் விஷம் மூச்சுத் தசையைக் கட்டிப்போடும், விஷம் இறங்கும்வரை இரண்டு மூன்று நாள் மூச்சைத் தாங்கிப்பிடித்தால் ஆள் எழுந்து நடந்தே போய்விடுவார் என்று டாக்டர் அவருடைய மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்கும் ஒரு ரப்பர் பை. அழுத்துவதற்கு மனைவி பச்சையம்மாளும் தம்பி முருகேசனும் மட்டும். கூட வந்த இரண்டு பேர் கரும்பு வெட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

சரோஜாவும் அந்தப் பக்கத்துப் பெண்தான். இரண்டு பேரும் ஊர், உறவு என்று பேசிக்கொண்டார்கள். சரோஜா தன் பங்குக் கஞ்சியை அவளோடு பகிர்ந்துகொண்டாள். எங்கள் ஆட்கள் அன்று நடுநடுவே போய் அவர்களுக்குக் கை மாற்றினார்கள். முருகேசனுக்குப் பீட்டர் அழுத்தும் விதத்தைக் காட்டிக்கொடுத்தான்.

எட்டாம் நாள் மதியம் நான் பை இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்கினேன். இன்று இரவு ஒருவர் மட்டும் காவலுக்கு இருந்தால் போதும், தேவைப்பட்டால் அழுத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆறு பேரும் எட்டு நாளாகச் சரியாகத் தூங்காதவர்கள், லாட்ஜில் ஒரு அறை எடுத்துப் படுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பீட்டர் என்னிடம் வந்தான்.

"சேகரு, நம்ம ஆளுங்கள்ல ரெண்டு பேரை அந்தக் கட்டிலாண்ட வுடவா? அந்தத் தம்பிக்குக் கை நடுங்குது."

நான் முருகேசனைப் பார்த்தேன். கண் சிவந்து, வாய் திறந்து, பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் இரவில் என் மூச்சு மறுபடி நின்றுவிட்டால்? காவலிருக்கிறவன் தூங்கிவிட்டால்? நம் ஆட்கள் தூங்கி எழுந்து தெம்போடு எனக்கு வரவேண்டும் என்று நினைத்தேன். கண்ணை இரண்டு தடவை மூடினேன்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் இரண்டு தடவை மூடினேன். கேப்டன் சொன்னால் எங்கள் குழுவில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பீட்டர் என்னருகில் இருந்தான், மற்றவர்கள் லாட்ஜுக்குப் போனார்கள்.

அன்று இரவு என் மூச்சு நிற்கவில்லை. யாரும் பையைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன், அந்த ஒன்பது நாளில் நான் தூங்கிய ஒரே தூக்கம். விடியற்காலையில் பச்சையம்மாள் அழும் சத்தத்தில் விழித்தேன். திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே முருகேசனின் கால்கள் மட்டும் தெரிந்தன. பாம்பு விஷம் இதயத்தையும் தாக்கியிருக்கலாம், காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்படியும் இருக்கலாம்.

தொண்டைக் குழாயை எடுத்து, துளை மூடி, பேச்சு வர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. பேச்சு வந்ததும் பீட்டரிடம் அதைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. திண்டிவனம் திரும்பியபின் கைத்தடியோடு நடக்க நான்கு மாதம். படுத்தபடியே கால் விரலை மடக்கி நீட்டுவதிலிருந்து பீட்டர் எனக்கு ஆசனங்களை மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தான். அதனால் மூட்டுகள் இறுகவில்லை என்று டாக்டர் பாராட்டினார். ஆனால் இடது பாதம் முழுதாகத் தூக்க வரவில்லை, இன்றும் தரையில் தேய்த்துத்தான் நடக்கிறேன். இனி கபடி இல்லை. இதை முதலில் சொன்னது சரோஜா. நான் கபடிக்குப் போடும் பனியனைத் துவைத்துத் தன் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து சொன்னாள்.

ஐந்தாம் மாதம் மண்டிக்கு வேலைக்குப் போனேன். உட்கார்ந்து எடை எழுதுகிற வேலை கொடுத்தார்கள். மல்லாட்டை உடைக்க வெளியூர்ப் பெண்கள் கூலிக்கு வருவார்கள். அதில் ஒருத்தி என் பாதம் தேய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிட்டே வந்தாள். பச்சையம்மாள்.

நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். சரோஜாவையும் விசாரித்தாள். பிறகு, நீங்கள் யோகா செய்த உடம்பு, அதனால் பிழைத்தீர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டுக்காரர் அதெல்லாம் தெரியாதவர், அதனால்தான் போய்விட்டாரா என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பிப் போயிருப்பாள். என் வாயில் அந்தச் சொல் வந்தும்விட்டது.

ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்குப் பை அழுத்த சரோஜாவோடு எட்டுப் பேர் இருந்தார்கள், அவருக்கு இரண்டு பேர் என்று சொன்னேன். பீட்டர் கேட்டதையும் நான் கண்ணை மூடியதையும் சொன்னேன். இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். அன்று இரவு எனக்கு யாரும் தேவைப்படவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். முந்தானையால் கையிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? எங்க கொழுந்தனாண்ட வந்து சொல்லுங்க. அண்ணனை நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கினு, அஞ்சு மாசமா வேலைக்குப் போவாம கையப் பாத்துக்கினே உக்காந்துக்கினு இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை பீட்டரும் நானும் போனோம். அனந்தபுரத்தில் இறங்கி, சந்தைக்குப் பின்னால் வரப்பு வழியாக நடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியில்தான் பீட்டரிடம் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினேன். நீ வேண்டாம்னு சொன்னப்புறமும் நான் ரெண்டு பேரை வுட்டிருக்கணும் என்றான். அவனும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

முருகேசன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். என்னை அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. சொல்லி முடித்தபின் கையை நீட்டி, எந்த வேகத்தில் அழுத்த வேண்டும் என்று மறுபடி காட்டச் சொன்னான். சரியாக அழுத்தினேனா என்று இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியவில்லை என்றான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே அவன் உள்ளங்கையை அழுத்தினேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன், விட்டேன். பீட்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் முழுக்கச் செய்தோம்.

"இப்டித்தாண்ணே நானும் அழுத்தினேன்" என்றான் முருகேசன்.

"ஆமா" என்றேன். "பகலெல்லாம் நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ சரியாதான் அழுத்தின."